தார் போடும் முன் தெருவின் மட்டத்தைக் குறித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை முடிந்ததும் சென்னையின் உட்தெருக்களில் தார் போடும் வேலை தொடங்கிவிடும். மேற்கு மாம்பலம் போல, பழைய தனி வீடுகளும் புதிய அடுக்குமாடிகளும் ஒரே தெருவில் கலந்து நிற்கும் பகுதிகளுக்காக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு தெருவுக்கும் இன்றைய ரோடு மட்டத்தை அளந்து, பதிந்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் கோடு போட்டு வைக்க வேண்டும். இனி எத்தனை தடவை ரோடு போட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

இந்த இடத்தின் அமைப்பே தண்ணீர் தேங்கும் அமைப்புதான். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தி.நகர் எழுந்தது. ஏரியின் மேற்குக் கரைப் பக்கம் இருந்த தெருவுக்கு லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அடியில் இருப்பது களிமண். அது மயிலாப்பூர், பெசன்ட் நகர் மணல் போல மழையைச் சட்டென்று உறிஞ்சாது. கிழக்கே ரயில் பாதை குறுக்கே நிற்கிறது. துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப் பாதைகள் பெருமழைக்கு என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒவ்வொரு அங்குலமும் கணக்குதான்.

உட்தெருவில் மேலே போடும் தார்க் கலவை, ரோலர் ஓடி அழுந்திய பிறகு 3 அல்லது 4 செ.மீ. கனம் இருக்கும். அதற்கு அடியில் இன்னோர் அடுக்கும் போட்டால் 8, 9 செ.மீ. வரை போகும். பழைய தாரைச் சுரண்டாமல் நாலு தடவை போட்டால் ரோடு அரை அடியிலிருந்து ஒரு அடி வரை ஏறிவிடும். ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளில் இன்று ஒரு படி இறங்கி நுழைகிறார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்தப் படி எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

மழைத் தண்ணீர் உள்ளே வருவது மட்டும்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட மோசமானது, சாக்கடை திரும்பி அடிப்பது. மழை நாளில் தெருக் குழாய் நிரம்பி வழியும்போது, அந்த வரிசையில் எந்த மூடி தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் கழிவுநீர் முதலில் வெளியே வரும். முன்பு ரோட்டில் உள்ள மேன்ஹோல் தாழ்வாகவும் வீட்டுச் சேம்பர், அதாவது வீட்டுக் கழிவுநீர் சேர்ந்து தெருக் குழாய்க்குப் போகும் தொட்டி, உயரமாகவும் இருந்தன. வழிந்தால் தெருவில் வழியும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் மேன்ஹோல் கழுத்தைச் செங்கல் வைத்து உயர்த்துகிறார்கள். வீட்டுச் சேம்பர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆக இப்போது வழிவது வீட்டுச் சேம்பரில். வீட்டுத் தரையும் தாழ்ந்திருந்தால் தரைத்தளக் குளியலறைத் துவாரத்திலேயே பொங்கும்.

இதற்கு, தண்ணீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்கிறார்கள். போடலாம், ஆனால் அது முழுத் தீர்வு இல்லை. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் இருப்பவர்கள் விடும் தண்ணீரும் வெளியே போக முடியாமல் அதே சேம்பரில்தான் நிரம்பும். தலைமுடியோ பிளாஸ்டிக் உறையோ மடலில் சிக்கினால் வால்வு சரியாக மூடவும் மூடாது. மாதம் ஒரு தடவை திறந்து கழுவ வேண்டும். மழை கொட்டும்போது மாடியில் துணி துவைப்பதை நிறுத்தி வைக்க வேண்டும். சம்ப், அதாவது தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி உள்ள வீடுகள் அதன் கழுத்தை ரோடு மட்டத்துக்கு மேல் குறைந்தது ஒரு அடி உயர்த்திக் கட்டுவது நல்லது. கழுத்துக்கும் பழைய ஸ்லாபுக்கும் நடுவே உள்ள இணைப்பில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் உயர்த்தியும் பலன் இல்லை. அந்த விரிசல் வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

தெரு மாறிவிட்டது, குழாய் மாறவில்லை. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில், ஐந்து பேர் இருந்த வீட்டை இடித்து, கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங் வைத்துப் பத்துக் குடும்பம், சுமார் நாற்பது பேர் வருகிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், 700 லிட்டருக்கும் குறைவாக இருந்த செலவு 5,400 லிட்டருக்குப் போகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கழிவாகத் தெருக் குழாய்க்கு வரும். மழையும் அப்படித்தான். தோட்டம், துளசி மாடம், கிணற்றடி எல்லாம் போய் 2,400 சதுர அடியும் டைல்ஸும் சிமென்ட்டும் ஆகிவிட்டால், 10 செ.மீ. மழைக்கு அந்த ஒரு மனையிலிருந்து மட்டும் சுமார் 22,000 லிட்டர் கிளம்பும். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனாலும் பெயருக்கு ஒரு குழி தோண்டி ஜல்லியைக் கொட்டி மூடிவிட்டு, மொட்டை மாடிக் குழாயைத் தெருவுக்குத் திருப்பி விட்ட கட்டடங்கள் ஏராளம். களிமண் பகுதியில் ஆழமில்லாத குழி நிரம்பி நின்றுவிடும். களிமண்ணைத் தாண்டி மணலைத் தொடும் ஆழத்துக்கு உறைக்கிணறு இறக்கினால்தான் தண்ணீர் கீழே போகும். பழைய கிணறு இருந்தால் அதை மூடாமல், மாடித் தண்ணீரை வடிகட்டி அதிலேயே விடுவது எல்லாவற்றிலும் சிக்கனம். பில்டர்கள் முதலில் மூடுவது அந்தக் கிணற்றைத்தான்.

ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு 2021இல் தெளிவாக அறிவுறுத்தினார். பெரிய சாலைகளில் பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் மெஷின் ஓடுவதைப் பார்க்கிறோம். உட்தெருக்களில்தான் வேலை அரைகுறையாகிறது. இரண்டு பக்கமும் கார்கள் நிற்பதால் நடுவில் மட்டும் சுரண்டுகிறார்கள். ஓரத்தில் இரண்டு அடி அப்படியே நிற்கிறது. அதன் மேலேயே புதுத் தாரும் விழுகிறது. கடைசியில் நடு ரோடு பழைய மட்டத்தில் இருக்க, வீட்டு வாசல் ஓரம் மட்டும் உயர்ந்து, தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் நடுவில் நிற்கிறது. 20 அடி ரோட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆறேழு செ.மீ. சரிவு வேண்டும். அது தலைகீழாகிவிட்டால், பக்கத்தில் எவ்வளவு பெரிய மழைநீர் வடிகால் கட்டியும் தண்ணீர் அதன் வாயை எட்டாது.

இதில் குடியிருப்பவர்களின் பங்கும் உண்டு. வேலை நடக்கும் நாளில் வண்டியை அடுத்த தெருவில் விட்டால்தான் மெஷின் ஓரம் வரை வரும். கேட்டுக்கு வெளியே ரோட்டின் மேல் சிமென்ட் சாய்தளம் போட்டிருப்பவர்கள் அதை உடைத்து எடுக்க வேண்டும். தண்ணீர் ஓடும் வழியில் அது ஒரு குட்டி அணை. வண்டி ஏற வேண்டுமானால் கழற்றி வைக்கும் இரும்புத் தகடு போதும்.

சுரண்டிய ஆழத்தைப் பார்க்க இன்ஜினியர் வேண்டாம். மேன்ஹோல் மூடி முன்பு ரோட்டோடு சமமாக இருந்திருந்தால், சுரண்டிய பிறகு அதன் இரும்புச் சட்டம் தரைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். பிள்ளைகளின் ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பாருங்கள். 4 செ.மீ. தார் போடப் போகிறார்கள் என்றால் அங்கே 4 செ.மீ. காட்ட வேண்டும், 1, 2 என்று காட்டினால் அப்போதே கேட்க வேண்டும். லாரி வந்து கலவையைக் கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மட்டம் குறிக்கவும் கொத்தனார் பயன்படுத்தும் ட்யூப் லெவல் போதும். உள்ளே தெரிகிற அரை அங்குல பிளாஸ்டிக் ட்யூப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வாங்கி, உள்ளே குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முனையை மாறாத ஒரு புள்ளியில், அதாவது கோயில் மதில், பள்ளிக் கட்டடத்தின் படி போன்ற ஒன்றில் பிடித்து, மறுமுனையை ட்யூப் எட்டும் வீட்டுச் சுவரில் வைத்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடலாம். பிறகு அந்தக் கோட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்று தெரு முழுதும் தொடரலாம். ஒவ்வொரு வீட்டிலும் கோட்டிலிருந்து ரோடு எவ்வளவு கீழே இருக்கிறது என்று தேதியோடு எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த தடவை வாய்ப்பேச்சு இல்லாமல் அளவைக் காட்டலாம்.

தெருவில் ஒத்த கருத்து இல்லை என்பது உண்மை. புதிய ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு ரோடு உயர்ந்தாலும் வீட்டுக்குள் தண்ணீர் வராது; பளபளவென்று ரோடு வந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் லிஃப்ட் குழியும் சம்ப்பும் கீழேதான் இருக்கின்றன. கடைக்காரர்கள் மில்லிங் என்றாலே பயப்படுகிறார்கள். சுரண்டிப் போட்டுவிட்டு வாரக் கணக்கில் தார் போடாமல் விட்டால் புழுதி பறக்கும், இரு சக்கர வண்டி சறுக்கும், வியாபாரம் படுத்துவிடும். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி, சுரண்டிய இரண்டு மூன்று நாளில் தார் போட்டாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவதும், குடிநீர், கழிவுநீர், கேபிள் வெட்டு வேலைகளை அதற்கு முன்பே முடிப்பதும்தான். மில்லிங்கே வேண்டாம் என்பது வழியல்ல.

பழைய வீட்டுக்காரர்களின் நிலைதான் கஷ்டம். தரையை ஒன்றரை அடி தூர்த்து உயர்த்தினால் பத்தடி அறை எட்டரை அடி ஆகும். கதவு, நிலை, குளியலறைச் சரிவு எல்லாம் மாற்ற வேண்டும். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது பெருஞ்செலவு. இரண்டும் முடியாதவர்கள் வேறு வழியில்லாமல் இடத்தை ஜாயின்ட் வென்ச்சருக்கு, அதாவது பில்டர் அடுக்குமாடி கட்டிப் பங்கு தரும் ஏற்பாட்டுக்குக் கொடுக்கிறார்கள். விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு, ரோடு உயர்ந்து உயர்ந்து விரட்டிக் கொடுக்க வைப்பது வேறு. தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் தையற்காரருக்கும் இஸ்திரிக் கடைக்காரருக்கும் அந்த வழியும் இல்லை.

எனவே அதிகாரிகளுக்கு எங்கள் வேண்டுகோள்: தெரு வாரியாக மட்டத்தைப் பதிந்து பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள். புதுக் கட்டடத்தின் அடித்தள உயரத்துக்கு அனுமதி தரும்போது, அந்தப் பதிவிலிருந்தே கணக்கிடுங்கள். ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் செய்யும் முன், போட்ட ரோட்டின் மட்டத்தை அதே கோட்டிலிருந்து அளந்து, உயர்ந்திருந்தால் அவர் செலவிலேயே சுரண்ட வையுங்கள். வாசகர்கள் தங்கள் தெருவில் சுரண்டாமல் தார் போடுவதைக் கண்டால், ரோலர் ஓடும் முன் ஸ்கேலோடு ஒரு படம் எடுத்து, உடனே மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் உட்தெருவாசிகள் சிலர்,
சென்னை - 33.