பன்னிரண்டில் ஒரு பங்கு இலையுதிர்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் அனைவரின் நலமறிய ஆவல்.

இங்கே பருவங்கள் எப்படி மாறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். எழுதிப் பார்த்தேன், மனநிறைவாக வரவில்லை. ஆகவே சின்னவளின் பொம்மை வீட்டுக்கு ஏற்ற அளவில், பாலிமர் களிமண்ணால் அவற்றைச் செய்தே அனுப்பியிருக்கிறேன்.

பொம்மை வீட்டில் ஓர் அடி ஓர் அங்குலமாகும் என்பதே கணக்கு. குளிர்காலத்தில் வாசற்கதவில் மாட்டும் ஊசியிலை வளையம் 30 செ.மீ. அகலமானால், நான் செய்தது இரண்டரை செ.மீ.; அதிலுள்ள சிவப்புக் கனி ஒவ்வொன்றும் 1 மி.மீ. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில், விளக்கடியில் அக்கனிகளை உருட்டிக்கொண்டிருந்ததே எனக்குத் துணையாக இருந்தது.

அதிக நாள் பிடித்தது இலையுதிர்காலம்தான். இங்கு வந்த முதல் ஆண்டில் மரம் முழுவதும் ஒரே நாளில் சிவந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். இவ்வேலையைத் தொடங்கிய பிறகுதான் நடைபாதையில் குனிந்து ஒவ்வோர் இலையையும் பார்க்கப் பழகினேன். பச்சையம் சிதையச் சிதைய, இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்போ பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாகிறது. பல இலைகளில் நரம்பையொட்டிய பச்சை கடைசியில்தான் போகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு மண்ணைத் தகடாக்கி, நிறம் நிறத்தில் கரையும்வரை மடித்து மடித்துத் தேய்த்தேன். பின்பு வெட்டுமுகத்தில் இலை வடிவம் தெரியும்படி அடுக்கிய தண்டை மெல்ல இழுத்து மெலியவைத்து, சற்றுக் குளிரவைத்து, பிளேடால் சீவினேன். சீவல் ஒவ்வொன்றும் ஓர் இலை.

வெண்பனிக்கான வெள்ளை மண்ணைத்தான் எப்போதும் முதலில் பிசைய வேண்டும். விரலில் ஒட்டிய ஒரு நூலிழைகூட அதில் தெரிந்துவிடும்.

இம்மண் காற்றில் உலர்வதன்று. அதிலுள்ள பிவிசி துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று இணைந்தால்தான் இறுகும். நான் வாங்கிய ஃபிமோ வகைக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். ஓவனின் குமிழை நம்பி முதல் தடவை கூரைப் பனி முழுவதையும் பழுப்பாக்கிவிட்டேன். அன்று மிகவும் வருந்தினேன். இப்போது உள்ளே தனி வெப்பமானி வைத்து, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மூடிவிடுகிறேன். மண் கருகினால் நச்சான ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். சின்னவள் செய்ய விரும்பினால் சுடும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவற்றைப் பொதிந்து அனுப்பியிருக்கும் பஞ்சைப் பிரிக்கும்போது இலைகளைச் சாமணத்தால் எடுங்கள். மெல்லிய இலை வளைந்து கொடுக்கும்; காம்பு முறிந்துவிடும். வசந்தகாலப் பூக்களை இன்னும் தொடங்கவில்லை. சன்னலுக்கு வெளியே டாஃபோடில் இப்போதுதான் முளைவிட்டிருக்கிறது. அது மலர்ந்ததும் இதழ்களை அளந்து பார்த்துச் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கள் தங்கை