திங்கட்கிழமை மேட்னி

அன்புள்ள செல்விக்கு,

நீ அறிக்கைத் தாள்களை எடுத்து அனுப்பிய பதினொரு படங்களையும் பக்கத்து வீட்டுத் தம்பி பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தான். மூன்று நாளாகப் பூதக்கண்ணாடியும் அகராதியுமாக உட்கார்ந்திருக்கிறேன். "நீங்கள் வேலை பார்த்த தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபமே கட்டிவிட்டார்கள், இன்னும் என்ன கலெக்‌ஷன் கணக்கு?" என்று உன் அம்மா கேட்டுவிட்டுப் போனாள்.

உன் கீழ் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டு மதிப்பீடு எழுத வேண்டும், அதில் ஒரு பையனைப் பற்றி எழுதக் கை வரவில்லை என்று சொன்னாய். அதே பேச்சில்தான் அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்த வாடெவில் என்ற அமெரிக்கப் பல்சுவைக் காட்சிக் கொட்டகைகளின் இந்தப் பழைய மேனேஜர் அறிக்கைகளைப் பற்றியும் சொன்னாய். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் குறுக்கே பேசுவாய்.

முதலில் அந்தத் தொழில் எனக்குப் புரிந்த வகையில். பி. எஃப். கீத், அவருடைய கூட்டாளி ஆல்பீ, இருவரும் 1885-இல் பாஸ்டனில் காலை முதல் இரவு வரை இடைவிடாமல் நடக்கும் பல்சுவைக் காட்சியைத் தொடங்கினார்கள். டிக்கெட் வாங்கியவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். பிறகு பிராவிடென்ஸ், பிலடெல்பியா, நியூயார்க் என்று தியேட்டர்கள் பெருகின. பெரிய தியேட்டர்களில் தினம் இரண்டு காட்சி, எட்டு ஒன்பது ஐட்டம், திங்கட்கிழமைதோறும் புது நிகழ்ச்சி. அந்தத் திங்கட்கிழமை மேட்னியில்தான் மேனேஜர் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வோர் ஐட்டத்தைப் பற்றியும் எழுதித் தலைமைக்கு அனுப்புவார். எத்தனை நிமிடம், மேடையில் எவ்வளவு ஆழம் தேவைப்பட்டது, கைத்தட்டல் எப்படி, எதை வெட்டச் சொன்னேன், அவ்வளவுதான். நாங்கள் விநியோகஸ்தருக்கு அனுப்பிய டி.சி.ஆர். என்ற தினசரி வசூல் அறிக்கையில் டிக்கெட் எண்ணிக்கையும் வரிக் கணக்கும் மட்டும்தான் இருக்கும். படம் எப்படி என்று என்னை யாரும் எழுதச் சொன்னதில்லை. பொறாமையாக இருந்தது.

ஆனால் அந்த நாலு வரிக்கு இருந்த பலத்தைப் பார். 1906-இல் இவர்களே கலைஞர்களை ஒப்பந்தம் செய்ய ஒரு புக்கிங் அலுவலகம் அமைத்தார்கள். எந்தக் கலைஞர் எந்த ஊரில் எந்த வாரம் என்று அங்கேதான் முடிவாகும். அதற்குச் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து பிடித்தமும் உண்டு. ஓர் ஊர் மேனேஜர் எழுதியதை மற்ற ஊர் மேனேஜர்களும் படித்தார்கள். ஒரு திங்கட்கிழமை சறுக்கினால் அடுத்த பல வாரத்துப் பிழைப்பு ஆட்டம் கண்டுவிடும். ஒழுக்கக் கட்டுப்பாடு வேறு. குடும்பத்தோடு வந்து பார்க்கும் இடம் என்று பெயர் வாங்க வேண்டும் என்பதற்காக, 'ஸ்லாப்' (அழுக்குமூட்டை), 'சன் ஆஃப் எ கன்' போன்ற சொற்களை மேடையில் சொன்னால் வேலை போய்விடும் என்று திரைக்குப் பின்னால் அறிவிப்பே ஒட்டியிருந்தார்களாம். இன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் பேசும் சொற்கள். அதே மேடையில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்வதற்குத் தடை எதுவும் இல்லை. பெர்ட் வில்லியம்ஸ் என்ற பெரிய கலைஞர் தாமே கறுப்பினத்தவர். அவரும் கரி பூசிக்கொண்டுதான் ஆட வேண்டியிருந்தது. குடும்பம் என்று அவர்கள் யாருடைய குடும்பத்தை நினைத்தார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது வரிசையைப் பற்றி. யாரும் கவனிக்காத விஷயம் அது.

முதல் ஐட்டம் பெரும்பாலும் வாய் பேசாததாக இருக்கும். கழைக்கூத்து, நாய் வித்தை, பந்து வீசிப் பிடிப்பது. ஏன்? ஜனங்கள் இன்னும் வந்துகொண்டிருப்பார்கள். நாற்காலி மடங்கும் சத்தத்தில் பேச்சு எடுபடாது. இரண்டாவது, திரைக்கு முன்னால் உள்ள குறுகிய இடத்தில் நின்று பாடும் ஜோடி. அவர்கள் பாடும்போது திரைக்குப் பின்னால் ஆட்கள் மூன்றாவது ஐட்டமான குறுநாடகத்துக்குச் சோபாவும் கதவும் வைத்துக்கொண்டிருப்பார்கள். முழு மேடை, குறுகிய முன்மேடை என்று மாறி மாறி வந்தால்தான் காட்சி தொய்யாது. ஆக, அந்த ஜோடி இரண்டாவது இடத்தில் நிற்பதற்குத் தச்சர்களும் ஒரு காரணம். இடைவேளைக்கு முன் ஒரு பெரிய பெயர். இடைவேளை முடிந்ததும் வருபவன் பாவம். பாதி கூட்டம் வெளியே புகைத்துக்கொண்டிருக்கும். கடைசிக்கு முந்தைய இடம் நட்சத்திரத்துக்கு. கடைசி இடத்தில் மறுபடியும் கண்ணுக்கு மட்டுமான வித்தை, ஏனென்றால் ஜனங்கள் தொப்பியைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். 1896 ஜூனில் லூமியேர் சகோதரர்களின் சலனப் படத்தை நியூயார்க்கில் காட்டியவரும் இதே கீத்தான். பிறகு படம் கடைசி ஐட்டமாக ஒட்டிக்கொண்டது. 1932-இல், நியூயார்க்கில் வாடெவிலுக்கே பேர்போன பாலஸ் தியேட்டரே முழுக்கச் சினிமாக் கொட்டகை ஆகிவிட்டது. எனக்குச் சோறு போட்ட சினிமா, அங்கே வாசலுக்குப் போகிறவர்களின் முதுகுக்குக் காட்டப்பட்டது என்று நினைத்துச் சிரித்தேன்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு அறிக்கைகளை மறுபடியும் படித்தேன். கெட்டிக்கார மேனேஜர் யார் என்பது உடனே தெரிகிறது. 'சுமார்' என்று எழுதி நிறுத்துபவன் தன் வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறான். கூட்டம் எங்கே சிரித்தது, எந்த இடத்தில் இழுத்தது, வேறு இடத்தில் போட்டுப் பார்க்கலாமா என்று எழுதுபவன் தன் தியேட்டரையும் சேர்த்தே எழுதுகிறான். தனக்குப் பிடிக்காத ஐட்டத்துக்கும் கேலரி ஆரவாரம் செய்தது என்று ஒப்புக்கொள்வதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். எனக்கு அது இருந்ததில்லை. தரை டிக்கெட் விசிலடித்த படங்களை நான் ஆபரேட்டர் அறையில் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. மே மாதம் முதலாளி தியேட்டருக்குப் பின்னால் மைதானத்தில் பொருட்காட்சி நடத்துவாரே, நினைவிருக்கிறதா? ராட்டினத்தில் ஏறமாட்டேன் என்று அழுவாய். அங்கே கலைநிகழ்ச்சி மேடை என் பொறுப்பு. அடுத்த ஆண்டு யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். ஒரு வருடம் சைக்கிள் வித்தைக் குடும்பம் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பெண். நான் எழுதியது இரண்டே சொல்: 'எடுபடவில்லை. வேண்டாம்.' பக்கத்து ஊர்களில் பொருட்காட்சி போடுகிறவர்களும் அந்த நோட்டை வாங்கிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு அந்த மனிதர் நேரில் வந்துவிட்டார். நான் நோட்டைப் புரட்டி, எழுதியிருந்ததை அவரிடமே படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை. "எங்களை எத்தனை மணிக்கு மேடை ஏற்றினீர்கள் என்று அதில் இருக்கிறதா சார்?" என்று மட்டும் கேட்டார். இல்லை. ஆனால் எனக்கு நினைவு வந்தது. மாலை ஐந்தரை. வெயில் தாழவில்லை, விளக்குப் போடவில்லை, வந்திருந்த கொஞ்சம் பேரும் டெல்லி அப்பளக் கடையில் நின்றார்கள். அந்த நேரத்துக்கு வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் அவர்களைப் போட்டவன் நான்தான். நிகழ்ச்சிப் பட்டியல் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ஓர் இடம் உண்டாக்கியிருக்கலாம்.

உன் பையனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் சோம்பேறியாகவும் இருக்கலாம். அப்படியானால் அப்படியே எழுது, பூசி மெழுகாதே. ஆனால் அவனை எந்த வேலையில், எந்த மாதத்தில், யாருக்கு அடுத்தபடியாக நிறுத்தினீர்கள் என்று அதே தாளில் எழுது. அவனை அங்கே நிறுத்தியது நீயாக இருந்தால் அதையும் எழுது. உன் மேலதிகாரிக்குப் பிடிக்காமல் போகலாம், போகட்டும்.

அம்மா மாவடு போட்டிருக்கிறாள், உன் அத்தை மகன் வரும்போது கொடுத்தனுப்புகிறோம். குளிர் குறைந்துவிட்டது என்று காதை மூடாமல் வெளியே போகாதே.

இன்னொன்று. ஏழாவது படத்தில் தாளின் அடிப்பகுதியை உன் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. கடைசி ஐட்டம் யார் என்று தெரியவில்லை. மறுபடி அந்த நூலகத்துக்குப் போனால் அதை மட்டும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா