கிளாட் தேர்வைத் தமிழிலும் நடத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளாட் தேர்வுக்கு விண்ணப்பம் தொடங்கிவிட்ட செய்தி தங்கள் நாளிதழின் கல்விப் பகுதியில் வந்திருந்தது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு படிக்க ஆசைப்படும் பிளஸ் டூ மாணவர்கள் எழுத வேண்டிய தேர்வு அது. கடைசி நாள், இணையதள முகவரி எல்லாம் கொடுத்திருந்தீர்கள். எந்த மொழியில் எழுதலாம் என்பது மட்டும் செய்தியில் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத முடியும். 2008இல் தேர்வு தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். அது மாற வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அருப்புக்கோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். காலையில் வக்கீல் குமாஸ்தாக்கள் வருவார்கள். வழக்குரை, எதிருரை, பிரமாணப் பத்திரம், பாகப்பிரிவினைத் தாவா என்றால் சர்வே எண்ணும் நான்குமாலும் (நாலு பக்க எல்லையும்) போட்ட சொத்து விவரம் என்று பெரும்பாலும் தமிழில்தான் அடித்துக் கொடுக்கிறேன். சாட்சி சொல்வது தமிழில், குறுக்கு விசாரணை தமிழில். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தைத் தமிழில் பதியவும் தீர்ப்பைத் தமிழில் எழுதவும் 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே வழி செய்திருக்கிறது. மாலையில் பள்ளி விட்டதும் அதே நாற்காலியில் உட்கார்ந்து மாணவர்களுக்கு விண்ணப்பம் போடுவேன். அதனால் சட்டப் படிப்புக்கு யார் ஆசைப்படுகிறார்கள், யார் எதுவரை போக முடிகிறது என்பதை ஒவ்வொரு வருடமும் நேரில் பார்க்கிறேன்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் தொடங்கும். அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருக்கும். மதுரை, திருநெல்வேலி, திருச்சி, கோவை என்று முன்பே இருந்த அரசு சட்டக் கல்லூரிகளோடு ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி என்று புதிதாகவும் வந்துவிட்டன. தனி நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, அப்புறம் 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி கவுன்சலிங். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. விண்ணப்பக் கட்டணமும் வீட்டில் கேட்டால் கொடுத்துவிடக்கூடிய தொகைதான்.

சிக்கல் இல்லாமல் இல்லை. போட்டோவைச் சொன்ன அளவுக்குச் சுருக்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரி சான்று தாலுகா ஆபீசில் நிற்கும். ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பார். அவர் வெளியே வந்து போனை எடுக்கும்வரை பிள்ளையும் அம்மாவும் கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் சாயங்காலத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வரிசையில்தான் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் வந்தாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி, வணிகவியல் பிரிவு, 540க்கு மேல் மதிப்பெண். கல்லூரி விருப்பத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவள், "அக்கா, திருச்சியில நேஷனல் லா யுனிவர்சிட்டி இருக்காமே, அதையும் போட்டுவிடுங்க" என்றாள். அதற்குத் தேர்வு முந்தின டிசம்பரிலேயே முடிந்துபோன விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய பள்ளியில் யாரும் சொல்லவில்லை. நீட் பற்றிச் சொன்னார்கள், ஜேஇஇ பற்றிச் சொன்னார்கள், கிளாட் என்ற பேரையே அவள் அன்றைக்குத்தான் கேட்டாள். தேர்வு டிசம்பர் முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. விண்ணப்பம் ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர், நவம்பரோடு முடிந்துவிடுகிறது. பிளஸ் டூ பிள்ளைகள் அப்போது காலாண்டுத் தேர்விலும் அரையாண்டுத் தேர்விலும் மூழ்கியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஆகஸ்ட் பிறந்தால் கடை வாசலில் நானே எழுதி ஒட்ட ஆரம்பித்தேன். கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாளையும் திறந்து காட்டுவேன். தகவல் தெரியாதது பாதிக் கஷ்டம்தான், மீதிக் கஷ்டம் வினாத்தாளில் இருக்கிறது என்பது அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்ட அறிவு, தர்க்க அறிவு, கணக்கு என்று ஐந்து பகுதி. கணக்கு உட்பட எல்லாமே பத்தி பத்தியாகக் கொடுத்து, அதைப் படித்துவிட்டு விடை சொல்லச் சொல்வார்கள். ஒரு பத்தி 450 வார்த்தை வரைக்கும் போகும். ஆங்கிலப் பகுதி ஒன்றுதான் என்று பேர், ஐந்து பகுதியிலும் நடப்பது ஆங்கில வாசிப்புத் தேர்வுதான்.

அப்படி வந்த ஒரு பையன், அவனும் வணிகவியல் பிரிவுதான், ஒப்பந்தச் சட்டம் பற்றிய ஒரு மாதிரிப் பத்தியின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். உதட்டை அசைத்து வாசிக்கிறான், மறுபடி மேலே போகிறான், மறுபடி வாசிக்கிறான். அடுத்த கேள்விக்குப் போகவே இல்லை. நான் அதன் சாரத்தைத் தமிழில் சொன்னேன். "ஒரு கடைக் கண்ணாடிக்குள்ள சட்டை மாட்டி 500 ரூபாய்னு சீட்டு ஒட்டியிருக்கு. ஒருத்தர் உள்ள போய் 500 ரூபாயை நீட்டுறார். கடைக்காரர் கொடுக்க மாட்டேங்கிறார். ஒப்பந்தத்தை மீறினதா ஆகுமா?"

அவன் யோசிக்கவே இல்லை. "ஆகாதுக்கா. சீட்டு ஒட்டுறது முனைவுக்கு அழைப்புதான். காசை நீட்டினவர்தான் முனைவு வைக்கிறார். கடைக்காரர் ஏத்துக்கிட்டாத்தானே ஒப்பந்தம்?"

சரியான விடை. 'இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்' என்று முன்வைப்பதைத்தான் பாடப் புத்தகத்தில் முனைவு என்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பதினோராம் வகுப்பு வணிகவியல் பாடத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது, மாற்றுமுறை ஆவணச் சட்டம் இருக்கிறது. அவன் இவற்றையெல்லாம் தமிழில் ஒழுங்காகப் படித்திருக்கிறான். சட்டப் படிப்புக்கு வேண்டிய புத்தி அவனுக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் தேர்வு மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஆள் இருக்காது. அந்தக் கேள்வியை அவன் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பான்.

உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, ஆங்கிலம் தெரியாமல் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் எப்படிப் படிப்பான் என்று கேட்பார்கள். கடைக்கு வரும் வக்கீல்களில் சிலரே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆங்கிலப் பகுதி அப்படியே இருக்கட்டும், அதில் தனியாக ஒரு தகுதி மதிப்பெண் வேண்டுமானாலும் வைக்கட்டும். சட்ட அறிவையும் தர்க்க அறிவையும் கணக்கையும் எதற்கு ஆங்கிலத்தின் வழியாகவே சோதிக்க வேண்டும்? எம்பிபிஎஸ் முழுக்க ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஐஐடி, என்ஐடியில் பாடம் ஆங்கிலத்தில்தான். ஜேஇஇ மெயின் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வும் 13 மொழிகளில்தான். சேர்ந்தபின் ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ள டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் அவகாசம் கொடுக்கிறோம். சட்டப் படிப்பும் ஐந்து வருடப் படிப்புதானே?

இதில் என்னால் ஏற்கவே முடியாத ஒன்று இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் வக்கீலாகத் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வு என்று ஒன்று எழுத வேண்டும். இந்திய பார் கவுன்சில் நடத்துகிறது. அதைத் தமிழில் எழுதலாம். வக்கீலாகத் தகுதி உண்டா என்பதைத் தமிழில் சோதிக்க முடிகிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு வக்கீல் படிப்பு படிக்கத் தகுதி உண்டா என்பதை மட்டும் சோதிக்க முடியாதாம்.

மொழிபெயர்ப்பு சரியாக வராது என்ற பயம் இருந்தால் அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக இருந்ததாக வழக்கு நடந்தது. கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தமிழில் எழுதிய பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மாதிரி கிளாட்டிலும் நடந்துவிடக் கூடாது. ஆனால் சட்டத் தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமா? சட்டங்களைத் தமிழில் பெயர்த்து வெளியிடுகிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே தமிழில் வருகின்றன. சிவில் நீதிபதி தேர்வில் டிஎன்பிஎஸ்சி மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் வைத்திருக்கிறது. அதில் தேறி வந்தவர்கள்தான் நம் ஊர்க் கோர்ட்டுகளில் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் ஓய்வு பெற்ற பத்துப் பேரை அழைத்தால் 120 கேள்வியை அழகான தமிழில் கொடுத்துவிடுவார்கள்.

கிளாட்டை மற்ற மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போடப்பட்டது. அங்கே நடப்பது நடக்கட்டும். நம் தமிழக அரசு அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மத்திய அரசு கட்டியதில்லை. நம் சட்டமன்றம் 2012இல் போட்ட சட்டத்தால் வந்தது. அதன் வேந்தர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. தமிழக மாணவர்களுக்கென்று அங்கே இடங்களும் ஒதுக்கியிருக்கிறார்கள். கிளாட்டை நடத்துகிற தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் திருச்சியும் ஓர் உறுப்பினர். அந்தக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் மாநிலப் பிள்ளைகளுக்குத் தமிழில் வினாத்தாள் கொடுங்கள் என்று கேட்க வேண்டியது திருச்சிப் பல்கலைக்கழகத்தின் கடமை. கேட்கச் சொல்ல வேண்டியது அரசின் கடமை.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்துக்குப் பொதுப் பிரிவினர் 4,000 ரூபாயும், எஸ்சி, எஸ்டி பிரிவினரும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களும் 3,500 ரூபாயும் கட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட பிரிவுப் பிள்ளைகள், எங்கள் ஊரில் அவர்கள்தான் அதிகம், முழு 4,000 கட்ட வேண்டும். தறியில் நெய்து கூலி வாங்குகிற வீட்டில், கிடைக்குமோ கிடைக்காதோ என்ற தேர்வுக்கு 4,000 ரூபாய் எடுப்பது சாதாரணமில்லை. தேர்வில் தேறினாலும் கவுன்சலிங்குக்குப் பெயர் கொடுக்கவே 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கட்டச் சொல்கிறார்கள். என் கண் முன்னால் விண்ணப்பத்தை முழுக்க நிரப்பிவிட்டு, பணம் கட்டும் பக்கம் வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போன பிள்ளைகள் உண்டு.

அரசு மாதிரிப் பள்ளிகளில் கிளாட்டுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மாதிரிப் பள்ளிக்குத் தேர்வாகிப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஊரிலேயே இருக்கிற மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு வர வேண்டும். பள்ளிக் கல்வித் துறை ஜூலையிலேயே எல்லா மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். வகுப்பாசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் சொன்னால் போதும். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிப்பவர்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தை அரசே கட்டிவிடட்டும். தமிழ் வினாத்தாளுக்குக் கூட்டமைப்பு சம்மதிக்க ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். சுற்றறிக்கைக்கும் கட்டணத்துக்கும் யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை, வருகிற கல்வியாண்டிலேயே செய்துவிடலாம். கல்வி அமைச்சரும் சட்ட அமைச்சரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிக் கடை நடத்தும் வாசகி,
அருப்புக்கோட்டை.