வீட்டுக்குக் கடிதம் போடாதவர்களுக்கு

பிரிட்டனில் இளையோருக்குக் கருத்தடை, பாலியல் நல ஆலோசனை தருகிற புரூக் நிலையங்களில் அன்றும் இன்றும் வேலை செய்கிற எல்லோருக்கும் வணக்கம்.

1993 இல் எனக்கு 15 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தென் லண்டனில் மாமா வீட்டில் இருந்தேன். மூன்று மாதமாக வெள்ளைபட்டது. அரிப்பும் எரிவும் தாங்க முடியவில்லை. ஏதோ கெட்ட வருத்தம், இனிக் கலியாணமே இல்லை என்று இரவில் அழுவேன். பொறுக்க முடியாமல் ஒரு டொக்டரிடம் போனேன். நான் வீடு வந்து சேருவதற்குள் மாமிக்கு விஷயம் தெரிந்திருந்தது. "யாரோடு பழகினாய்?" என்று விடியும்வரை கேட்டார். அந்த அழுகையில் மருந்துச் சீட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை.

என் வகுப்பில் படித்த ஜமைக்காப் பிள்ளை ஒருத்திதான் கையைப் பிடித்து உங்களிடம் கூட்டி வந்தாள். முதல் நன்றி அவளுக்கு.

வரவேற்பு மேசையில் இருந்தவர் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுவிட்டு, "வீட்டுக்குக் கடிதம் போடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அட்டையின் மேல் மூலையில் சிவப்பு மையால் அதை எழுதி அடிக்கோடு போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே இருந்த தாதி, கட்டிலில் விரித்திருந்த காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து அதிலேயே படம் வரைந்தார். எது கருப்பை, எது யோனி, சிறுநீர் எங்கே வெளியேறுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து 'அந்த இடம்' என்ற ஒரே பெயர்தான் இருந்தது. இது பூஞ்சையால் வருவது, ஆண் தொடர்பே இல்லாதவர்களுக்கும் வரும், மருந்து போட்டால் மாறிவிடும் என்றார். ஒரு கிழமையில் மாறியது.

உங்கள் கதவு எப்படித் திறந்தது என்பதைப் பிறகுதான் தேடி வாசித்தேன். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையங்கள் மணமானவர்களையும் கலியாணம் நிச்சயமானவர்களையும்தான் ஏற்றுக்கொண்டன. ஹெலன் புரூக் அப்போது லண்டன் விட்ஃபீல்ட் தெருவில் மேரி ஸ்டோப்ஸ் நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்திக்கொண்டிருந்தார். மணமாகாத பெண்களுக்கென்று அங்கே ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினார். 1964 இல் இளையோருக்கென்றே தனி நிலையம் தொடங்கினார். அப்புறம் பர்மிங்காம், எடின்பரோ என்று பரவியது. தேசிய சுகாதார சேவையில் கருத்தடை எல்லோருக்கும் இலவசமானது 1974 இல்தான். அதற்குப் பத்து வருடம் முன்பே, ஏச்சுப் பேச்சுகளுக்கு நடுவில், இந்த வேலையைச் செய்தவர் அவர். 1997 இல் காலமானார். நேரில் நன்றி சொல்லக் கிடைக்கவில்லை.

விக்டோரியா கில்லிக் என்ற தாய் தொடுத்த வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் கருத்தடை ஆலோசனை தரக்கூடாது என்று 1984 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985 அக்டோபரில், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றினார்கள். சொல்வதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் பிள்ளையே சம்மதம் தரலாம், பெற்றோரிடம் சொல்லும்படி டொக்டர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். என்னிடமும் அந்தத் தாதி, "அம்மாவிடம் சொல்ல முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா ஊரில், போருக்குள் இருந்தார். சொல்ல வழியில்லை என்றதும் என் தோளில் கை வைத்தார். இடையில் போன அந்தப் பத்து மாதத்தில் யாரிடமும் போக முடியாமல் தவித்த பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

வழக்குத் தொடுத்தவரின் பயமும் எனக்கு விளங்குகிறது. நானும் இப்போது ஒரு தாய்தான்.

மேசையில் இருந்தவருக்கும், படம் வரைந்த தாதிக்கும், 1964 இல் அந்த அறைகளில் இருந்தவர்களுக்கும், 1985 இல் விட்டுக்கொடுக்காமல் நின்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. என் மகளுக்கு இப்போது 15 வயது. உங்கள் நிலையத்தின் விலாசத்தை எழுதி அவளுடைய மேசையில் ஒட்டியிருக்கிறேன். போனாளா என்று கேட்பதில்லை.

அன்புடன்,
சிவப்பு மை அட்டைக்காரி