அப்பாவை ஷிப்டுக்கு விடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கும், புளியந்தோப்புப் பக்கம் பேர்கூடச் சொல்லாமல் உதவியவர்களுக்கும் வணக்கம்.

அப்பாவுக்கு டிமென்ஷியா. காலையில் சாப்பிட்டது ஞாபகம் இல்லை. பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியது மட்டும் அப்படியே இருக்கிறது. மில்லை 1996-லேயே மூடிவிட்டார்கள், அவர் கணக்கில் அது இன்னும் ஓடுகிறது. விடியும் முன்னே சட்டையை மாட்டிக்கொண்டு, "சங்கு ஊதிட்டான்" என்று கிளம்பிவிடுவார். இந்த நோயில் புது நினைவுகள்தான் முதலில் போகுமாம்.

அன்றைக்கு அவரைக் காணவில்லை என்றதும், "பழைய வேலைக்குப் போற ரூட்டைப் பாருண்ணா" என்று சொன்னது ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகள். நாங்கள் பீச் பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். அவர்கள் வண்டியை மூலக்கொத்தளத்துக்குத் திருப்பினார்கள். காவல் நிலையத்திலும் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லாமல் உடனே புகாரை வாங்கி, போட்டோவை அனுப்பினார்கள். ஆளைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. 112-ஐ உடனே கூப்பிடலாம்.

பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போன அப்பாவை நிறுத்தியது புளியந்தோப்பு டீக்கடை அக்கா. கையைப் பிடித்து இழுக்கவில்லை, எந்த ஊர், யார் பிள்ளை என்று துருவவும் இல்லை. "மில்லு இன்னிக்கு லீவுப்பா, டீ குடிச்சுட்டுப் போ" என்றாராம். அப்பா உட்கார்ந்துவிட்டார். அக்கா, உங்கள் வசனத்தைத்தான் இப்போது வீட்டில் தினமும் சொல்கிறோம். மில்லே இல்லை என்று வாதாடினால் கோபம்தான் வருகிறது, லீவு என்றால் சரி என்கிறார்.

கதவின் உச்சியில், அவர் கண் போகாத இடத்தில் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்க மறுத்த ஆசாரிக்கும், எல்லாச் சட்டையிலும் காலருக்கு உள்பக்கம் எங்கள் போன் நம்பரைத் தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணனுக்கும் நன்றி. "உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதானே" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு நன்றி இல்லை. தனியாகப் பூட்டிய வீட்டில் கேஸ் கசிந்தால் யார் திறப்பது?

எல்லோருக்கும் மேலே, விடியற்காலையில் அடிபம்பில் குடத்தோடு நிற்கும் அம்மாக்கள். அந்த நேரத்தில் விழித்திருப்பது நீங்கள்தான். "இன்னா நைனா, எங்க கிளம்பிட்ட?" என்று ஒருத்தர் பேச்சுக் கொடுக்க, இன்னொருத்தர் எங்கள் கதவைத் தட்டுகிறீர்கள். எந்த ஜிபிஎஸ் கருவியும் அவரைப் பேச்சில் நிறுத்தி வைக்காது.

கடைசியாக ஒன்று. அன்று வெறுங்காலோடு நடந்த அப்பாவுக்கு யாரோ தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். பழுப்பு நிறம், ஒன்பதாம் நம்பர். டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.