டச்பேடை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏற்றிக்கொள்ள பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்குப் பலரும் வருகிறார்கள். ஏற்றி முடித்ததும் சிலவற்றில் டச்பேட் (விரலால் அம்புக்குறியை நகர்த்தும் பலகை) வேலை செய்யாது. "பேட் போயிடுச்சு சார், மாத்தணும்" என்பார்கள் சில கடைக்காரர்கள். பெரும்பாலும் போயிருக்காது.

முன்பு டச்பேட் பி.எஸ்/2 என்ற பழைய வகை இணைப்பு வழியாக இணைந்திருந்தது. விண்டோஸ் தானாகவே கண்டுகொள்ளும். இப்போது பல மாடல்களில் ஐ2சி என்ற வேறு வகை இணைப்பு. இன்டெல் புராசஸர் உள்ள லேப்டாப்பில் அதை இயக்கும் 'சீரியல் ஐஓ' டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஏறாவிட்டால் அந்த வழியே திறக்காது. நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டால் இப்படி விட்டுப்போவது சகஜம். அந்த நிலையில் டச்பேட் டிரைவரை மட்டும் எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் வீண்வேலைதான். சீரியல் ஐஓ முதலில். அதன்பின் டச்பேட் டிரைவர். இரண்டையும் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் எடுங்கள். கூகுளில் முதலில் வந்து நிற்கும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

மவுஸ் இல்லாமலே பார்க்கலாம். விண்டோஸ் விசையோடு எக்ஸ், பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்பதற்குக் கீழே 'ஐ2சி ஹெச்ஐடி டிவைஸ்' மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10 (சாதனம் தொடங்க முடியவில்லை என்ற பிழை) காட்டினால், முதலில் டிரைவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்து அப்டேட்டுக்குப் பின் படுத்துவிட்டதா? டச்பேடின் பிராப்பர்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் போதாது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் ஆன் ஆவதற்கான வசதி) இயங்கும் கணினியில் ஷட்டவுன் விண்டோஸை முழுதாக அணைப்பதில்லை.

இன்னும் சந்தேகமா? பென்டிரைவில் உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம், இலவசம்) போட்டு, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்து பாருங்கள். அங்கே அம்புக்குறி ஓடினால் பேட், ரிப்பன் கேபிள், போர்டு மூன்றும் நலம். (ஓடாவிட்டால் அதை மட்டும் வைத்துப் பேட் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது.) பென்டிரைவ் தயாராக இருந்தால் பத்து நிமிட வேலை இது. பார்ட் மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் இதைக் கண்முன்னே செய்துகாட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அம்புக்குறி தானாகத் துள்ளுவது வேறு கதை. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். துள்ளல் நின்றால் குற்றம் பெரும்பாலும் எர்த்தில். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. சார்ஜரிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக்கிடம் இல்லாமல் லேப்டாப்பின் உலோக உடம்பில் நிற்கும். கை வைத்தால் சுருக்கென்று இருக்கும். விரலின் மின்தேக்கத்தை வைத்தே இடம் கணிக்கும் டச்பேட் அதில் குழம்பிப்போகிறது. டூப்ளிகேட் சார்ஜரிலும் இதே தொல்லை வரும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், லேப்டாப் கடைக்கு அலையாதீர்கள்.

பேட் ஓரம் மேலெழும்பி, கிளிக் இறுகிப்போயிருந்தால் மட்டும் தாமதிக்கவே கூடாது. அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடும். அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். செல் கிழிந்தால் தீப்பிடிக்கலாம். சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். மாற்ற வேண்டியது பேட்டரியை. அதை எடுத்ததும் பல லேப்டாப்களில் பேட் பழையபடி உட்கார்ந்துவிடும்.

எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபார்மட் போடும் முன் அந்த மாடலின் சீரியல் ஐஓ, டச்பேட், வைஃபை டிரைவர்களைப் பென்டிரைவில் இறக்கி வையுங்கள். வாடிக்கையாளரின் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ அவர் கையில் இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பார்ட் மாற்றினால் பழைய பார்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்குநர், அல்சூர், பெங்களூரு