ஜேம்ஸ் ரூஸ் பள்ளியில் சேரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சிட்னியின் ஜேம்ஸ் ரூஸ் வேளாண் பள்ளியில் உனக்கு இடம் கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி. பள்ளிக்குப் பேர் கொடுத்தவர் ஒரு திருடர் என்று யாராவது கேலி செய்தால், ஆமாம் என்று சொல். அதோடு, அவர் மண்ணை எப்படிக் கொத்தினார் என்பதையும் சொல்.

ரூஸ் இங்கிலாந்தின் கார்ன்வால்காரர். இரண்டு வெள்ளிக் கடிகாரங்களைத் திருடியதற்காக 1782இல் பாட்மின் நீதிமன்றத்தில் மரண தண்டனை. பிறகு அது ஏழாண்டு நாடுகடத்தலாகக் குறைந்தது. அதில் பெரும்பகுதி பிளிமத்தில் நின்ற 'டன்கர்க்' என்ற சிறைக்கப்பலிலேயே போயிற்று. 1788 ஜனவரியில் 'ஸ்கார்பரோ' கப்பலில் சிட்னி வந்தார். மறு வருஷமே தண்டனை முடிந்தது. ஆனால் கைதிகளின் தண்டனைப் பதிவேடுகளை இங்கிலாந்து அனுப்பவில்லை. தண்டனை முடிந்தது என்று அவர் சொன்னதைச் சரிபார்க்க, அந்தக் கைதிக் குடியேற்றத்தின் ஆளுநர் பிலிப்பிடம் காகிதமே கிடையாது.

ஊரோ அரைவயிற்றில் இருந்தது. 1789 நவம்பரில் ரேஷன் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது. சிட்னித் துறைமுகத்து மண் மணற்பாங்கு. கொண்டுவந்த விதையில் நிறையக் கடல்பயணத்திலேயே கெட்டுப்போனது, முளைப்பும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. மாடுகள் 1788இலேயே காட்டுக்குள் ஓடிவிட்டதால் ஏர் பூட்ட வழியில்லை. அந்த 1789 நவம்பரில்தான் பராமட்டாவில் ரூஸுக்கு ஒன்றரை ஏக்கர் திருத்திக் கொடுத்து, தனியாளாகப் பிழைக்க முடிகிறதா என்று ஆளுநர் சோதித்தார். அது பர்ரமட்டகல் என்ற பூர்வகுடி மக்களின் பூமி. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துப் பார்க்கவந்த படை அதிகாரியிடம் ரூஸ் தன் முறையை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். விழுந்த மரங்களை எரித்து, சாம்பலை மண்ணோடு வெட்டிப் புதைத்தார். பிறகு கொத்து. நம் கணக்கில் நாளுக்கு ஐந்து, ஐந்தரை சென்ட்தான், அதற்குமேல் போகமாட்டார். அரசுப் பண்ணையில் மேலோடு கீறிவிட்டுப் போனார்கள், நான் ஒழுங்காகச் செய்தேன் என்கிறார். கட்டி உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே தள்ளி, முடிந்தவரை வெயிலிலும் காற்றிலும் ஆறப்போட்டு, விதைப்புக்குச் சற்றுமுன் மறுபடி புரட்டினார். ஏர் இல்லாத இடத்தில் இது கிட்டத்தட்ட உழவுதான். எரு போட மாடில்லை, அதனால் வைக்கோலையும் மக்கக்கூடிய எல்லாவற்றையும் குழியில் போட்டு மூடத் திட்டம்.

விதைத்தது மூன்று புஷல் கோதுமை, சுமார் 80 கிலோ. எதிர்பார்த்தது 12, 13 புஷல். மே மாதம் விதைத்தது ஜூனில் விதைத்ததைவிட நன்றாக வந்தது. மக்காச்சோளம் பற்றிக் கேட்டதற்கு, அது எனக்குத் தெரியாத பயிர் என்று நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்தப் பதிலில்தான். கூட உழைத்தவர் மனைவி எலிசபெத். அவரும் கைதியாக வந்தவர்.

1791 பிப்ரவரியில், இனி அரசுக் கிடங்குத் தானியம் வேண்டாம் என்றார் ரூஸ். அந்த ஆண்டே 30 ஏக்கர் அவர் பேருக்கு வந்தது. நான்கு மடங்கு விளைச்சல் ஒரு வீட்டுக்குக் காணும், செல்வம் சேர்க்காது. மண்ணும் சீக்கிரம் களைத்தது. 1793இல் மருத்துவர் ஜான் ஹாரிஸுக்கு 40 பவுண்டுக்கு விற்றுவிட்டு, வண்டல் மண் தேடி ஹாக்ஸ்பரி ஆற்றோரம் போனார். அங்கே வெள்ளம். கடைசியில் இன்னொருவர் பண்ணையில் மேற்பார்வை வேலை, 1837இல் இறந்தார்.

நீ தோசை சாப்பிடப் போகும் ஹாரிஸ் பார்க், அந்த ஹாரிஸின் பேரில்தான் இருக்கிறது. அங்கே ரூஸ் தெருவில் 'எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம்' வீட்டையும் ஒருநாள் போய்ப் பார். வீடு ஹாரிஸ் கட்டியது, நிலம் ரூஸ் கொத்தியது.

அன்புடன்,
அண்ணன்